சொல் இல்லாத துதி

1969இல் வெளிவந்த 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' மூன்று நிமிட இசைத்தட்டு. அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. தொடக்கத்தில் ஒரு கூவல் கேட்கும். அதற்குமேல் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கிட்டாரும் பேஸ் கிட்டாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன, ஆர்கன் மேலே தங்கி நிற்கிறது, அடியில் டிரம்ஸ் நெளிந்துகொண்டே போகிறது. ஆர்கனில் ஆர்ட் நெவில், கிட்டாரில் லியோ நோசென்டெல்லி, பேஸில் ஜார்ஜ் போர்ட்டர், டிரம்ஸில் ஜிகபூ மாடலிஸ்ட். நால்வரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். அந்த ஊரின் இரவு விடுதிகளில் வாசித்துத் தேர்ந்தவர்கள். குழுவின் பெயர் 'தி மீட்டர்ஸ்'. ஃபங்க் இசைக்கு வடிவம் கொடுத்தவர்கள் என்று ஜேம்ஸ் பிரவுனின் குழுவைச் சொல்கிறவர்கள் அதே மூச்சில் இவர்களையும் சொல்வார்கள். இந்தக் குழுவையும் இதன் வழியில் வந்தவர்களையும் அந்த ஊரிலேயே நேரில் கேட்டவர்கள், தேவாலயத்தில் இருந்ததுபோல் இருந்தது என்று சொல்வதுண்டு. பேச்சுவாக்கில் சொல்வது என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, அது நிற்குமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். கடவுளின் பெயர் வராத, வரியே இல்லாத, மதுக்கூடத்தில் வாசிக்கப்படுகிற ஆட்ட இசை எப்படி வழிபாடாகும்? ஆகும் என்றே நினைக்கிறேன். எங்கும் எப்போதும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். அந்த எல்லையையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த டிரம்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்களின் கதவு மூடியிருந்தது. நோய்க்கும் சாவுக்கும் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. எனவே சங்கம் அமைத்துச் சந்தா சேர்த்தார்கள். உறுப்பினர் படுத்தால் மருந்துச் செலவு, இறந்தால் மரியாதையான அடக்கம். 1884இல் தொடங்கிய 'யங் மென் ஒலிம்பியன்' சங்கம் அப்படிப்பட்ட ஒன்று. அந்த மரியாதையில் பிராஸ் பேண்ட் இசையும் சேர்த்தி. தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகும்போது ஊதுகருவிகள் மெதுவான துதிப்பாடல்களை வாசிக்கும். 'ஜஸ்ட் எ குளோசர் வாக் வித் தீ' அந்த நேரத்துக்கே உரியதுபோல் ஆகிவிட்ட பாட்டு. சிறிய டிரம்மின் அடிக்கம்பிகளுக்குக் கீழே கைக்குட்டையைச் செருகி, அதிர்வை அடக்கி அடிப்பது பழைய வழக்கம். அடக்கம் முடிந்ததும், அல்லது சவ வண்டி ஊர்வலத்தை விட்டுப் பிரியும் இடத்தில், உடலை விடுவிக்கும் கணம் வரும். டிரம் அடிப்பவர் கைக்குட்டையை உருவி எடுப்பார். அடுத்த அடியில் தெருவே ஆடும். சங்கத்தாரும் குடும்பத்தாரும் பேண்டும் முன்னே போக, பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடிக்கொண்டு வரலாம். அந்தப் பின்கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். ஊர்வலத்தில் பெரிய டிரம்மை ஒருவரும் சிறிய டிரம்மை ஒருவரும் சுமந்து அடிப்பார்கள். அறைக்குள் உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த இருவரின் வேலையையும் ஒருவரே கால்மிதியாலும் கைகளாலும் செய்கிறார். மாடலிஸ்டின் வாசிப்பில் அந்தத் தெருவின் இரண்டு டிரம்களும் ஒருவருக்குள் நின்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். 'சிஸ்ஸி ஸ்ட்ரட்'டின் அடியில் நெளிவது கைக்குட்டை உருவப்பட்ட அந்த டிரம்தான்.

சாவு வீட்டில் பறையும் ஆட்டமும் பார்த்த தமிழ் வாசகருக்கு இது விளங்காத காரியம் அல்ல. இரண்டுக்கும் வரலாறு வேறு, சுமை வேறு. ஒப்பிட்டு ஒன்றாக்கிவிட நான் விரும்பவில்லை. சாவின் முன் ஆடுகிறவர்கள் சாவை மறந்தவர்கள் அல்ல என்பதை மட்டும் நமக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. என் வாதம் நிற்பதும் இந்த இடத்தில்தான். ஆட்ட இசையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது, அது கவலையை மறக்கச் செய்கிறது என்பது. நியூ ஆர்லியன்ஸின் தாளம் அப்படிப் பிறக்கவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு முன்னால் எப்போதும் ஒரு மெதுவான நடை இருந்தது; உடலைச் சுமந்துபோய் வைத்துவிட்டு வந்த பிறகே அதற்கு உரிமை பிறந்தது. ஆடுகிறவர் இழப்பைத் தெரிந்துகொண்டே ஆடுகிறார். இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். சாவை நேராகப் பார்ப்பதும், பார்த்த பிறகு எஞ்சியவர்களோடு தன்னைப் பிணைத்துக்கொள்வதும் உலகின் எந்தச் சமயச் சடங்கிலும் நடுவில் இருப்பவை. செகண்ட் லைன் அந்த இரண்டையும் செய்கிறது. மீட்டர்ஸ் அந்தச் சடங்கின் இரண்டாம் பாதியை எடுத்து மேடைக்குக் கொண்டுபோனார்கள். முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி தனியே நிற்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. கீழே வரும் மறுப்புகளெல்லாம் ஏதோ ஒரு வகையில் அதைத்தான் கேட்கின்றன.

மறுப்புகளில் மிகப் பழையது, மிக நேர்மையானதும்கூட, புனித அகஸ்டீனுடையது. தன் 'பாவ அறிக்கை' நூலின் பத்தாம் பகுதியில் அவர் தேவாலயப் பாட்டையே சந்தேகிக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தன்னை அதிகமாக அசைத்துவிடும் நேரங்களில், தண்டனைக்குரிய பாவம் செய்வதாகவே அவருக்குப் படுகிறது. பாட்டைத் தடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறார். பிறகு, அதே பாட்டால் முன்பு தான் கண்ணீர் விட்டு மனம் திரும்பியதை நினைத்து விட்டுவிடுகிறார். இந்த அளவுகோலில் ஃபங்க் தேறவே தேறாது. அதில் பொருள் இருந்து அதை ஓசை மூடவில்லை. பொருளே இல்லாமல் ஓசை மட்டும் இருக்கிறது. ஆனால் அகஸ்டீன் இன்னொரு இடத்திலும் பேசியிருக்கிறார். முப்பத்து மூன்றாம் சங்கீதத்துக்கு அவர் செய்த விளக்கத்தில் அறுவடை செய்கிறவர்களையும் திராட்சைத் தோட்டத்தில் உழைக்கிறவர்களையும் காட்டுகிறார். அவர்கள் சொற்களோடுதான் பாடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி மிகுந்ததும் சொற்கள் போதாமல் போய், அசை பிரியாத வெறும் குரலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். சொல்லுக்கு அடங்காத கடவுளைத் துதிக்க அந்தச் சொல்லற்ற குரலே தகும் என்கிறார்; பேசவும் முடியாது, பேசாமலும் இருக்கக் கூடாது, அப்போது மனம் சொல்லின்றிக் களிக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆக, சொல் இல்லை என்பதை மட்டும் வைத்து வழிபாட்டை மறுக்க அகஸ்டீனே இடம் தரவில்லை. நியூ ஆர்லியன்ஸின் ட்ரமே பகுதியில் அவர் பெயரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. 1842இல் அர்ப்பணிக்கப்பட்டது, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தங்களுக்கு இருக்கைகள் வாங்கியதோடு அடிமைகளுக்கும் வாங்கிக் கொடுத்த தேவாலயம். சில தெருக்கள் தள்ளி காங்கோ சதுக்கம். 1817இல் நகராட்சி அடிமைகள் கூடுவதை ஞாயிற்றுக்கிழமைக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் சுருக்கிய பிறகு அவர்கள் டிரம் அடித்து ஆடிய இடம். ஞாயிறு காலைத் துதியும் ஞாயிறு மாலைத் தாளமும் அந்த ஊரில் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. ஒரே ஆட்கள் இரண்டுக்கும் போனார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இதற்கு உள்ளிருந்தே ஒரு பதில் வரும், அது கனமானது. 1911இல் அதே ஊரில் பிறந்த மகாலியா ஜாக்சன் வாழ்நாள் முழுவதும் ப்ளூஸ் பாட மறுத்தார். கேட்டவர்கள் குறைவில்லை, பணமும் குறைவில்லை. இருந்தும் கடவுளுக்கான பாட்டைத் தவிர வேறு பாட அவர் இணங்கவில்லை. எல்லை எங்கே என்பது அவருக்குத் தெரியாதா? வெளியே நிற்கிற ஒரு கட்டுரையாளர் அந்த எல்லையை அழித்துவிடுவது அவமரியாதை அல்லவா? அவர் மறுப்பை நான் மதிக்கிறேன். அது ஒரு நோன்பு, நோன்பு காப்பவரிடம் போய் வாதாடக் கூடாது. ஆனால் அவருடைய குரலின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்த அவர் வீட்டுக்குப் பக்கத்தில் 'சாங்டிஃபைட்' பிரிவினரின் சபை ஒன்று இருந்தது. ஆர்கன் இல்லாமல் டிரம்மும் தாளத்தட்டும் தம்புரீனும் கைத்தட்டும் கால்மிதிப்புமாக நடக்கும் வழிபாடு. தன் பாட்டுக்குள் வந்த தாளம் அங்கிருந்து வந்தது என்பதை மகாலியாவே சொல்லியிருக்கிறார். தாளம் மதிலைத் தாண்டித்தான் அவருக்கு வந்தது. அது ஒரு பக்கம் மட்டும் தாண்டும் தாளமல்ல. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிராஸ் பேண்டில் சேர இளைஞர்கள் வராமல் அந்த மரபே தளர்ந்திருந்த வேளையில், பாஞ்சோக் கலைஞர் டேனி பார்க்கர் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சபையின் பெயரில் சிறுவர்களைக் கூட்டி ஒரு பேண்ட் தொடங்கினார். அதில் பழகியவர்கள் சிலர் பிற்பாடு 'டர்ட்டி டசன்' பேண்டில் வாசித்தார்கள். அவர்கள் ஃபங்கைத் திரும்பத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மீட்டர்ஸின் 'ஹே பாக்கி எவே'யைப் பிராஸ் பேண்டுகள் ஊர்வலத்தில் வாசிக்கின்றன. அந்தப் பாட்டின் கூவலோ மார்டி கிரா இந்தியர்கள் எனப்படும் கறுப்பினக் குழுக்களிடமிருந்து வந்தது. ஆண்டு முழுவதும் கையால் மணி கோத்துத் தைத்த உடையில் தெருவில் இறங்கும் அவர்கள், தொடங்குமுன் பாடும் 'இண்டியன் ரெட்'டைப் பிரார்த்தனையாகவே கருதுகிறார்கள். கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் எழுதிய நூலில், அடிமைகளின் ஆன்மிகப் பாடல்களும் ப்ளூஸும் ஒரே அனுபவத்தின் இரு குரல்கள் என்று வாதிட்டார். அவர் பேசியது சொற்களை வைத்து. சொல்லையும் எடுத்துவிட்டால் அந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

எனக்கு மிகவும் கடினமாகப் படுகிற மறுப்பு இன்னொன்று. 1912இல் எமில் துர்க்கேம் ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் சடங்குகளைப் பற்றிய ஆவணங்களை ஆராய்ந்து, மக்கள் ஓரிடத்தில் கூடி ஒரே தாளத்தில் அசையும்போது எழும் கொதிப்பே சமய உணர்வின் ஊற்று என்றார். அப்படியானால், சர்வாதிகாரியின் முன் கொடி பிடித்து நின்ற கூட்டத்திலும் அதே கொதிப்புதானே? தனி மனிதன் கரைந்துபோகும் இன்பத்தை வழிபாடு என்று ஏற்றுக்கொண்டால் வன்முறைக் கும்பலையும் வழிபாட்டுக்கூட்டம் என்று ஏற்க வேண்டிவரும். கொதிப்பை மட்டும் அளந்தால் இதற்குப் பதிலே கிடையாது. அது எந்த வடிவத்தில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். இசையின் கட்டுமானம் அங்கே சாட்சியாகிறது. பிராஸ் பேண்டின் வேர் ராணுவ இசை. படை நடையில் எல்லாக் காலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். டிரம் இருப்பதே அதற்குத்தான். நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்கள் அந்த நடையைக் கையில் வாங்கி அதன் அழுத்தத்தை இடம் மாற்றினார்கள். இரண்டாம் சுற்றின் நான்காம் தட்டில் பெரிய டிரம் ஓங்கி விழும். 'பிக் ஃபோர்' என்கிறார்கள். எதிர்பாராத இடத்தில் விழும் அந்த அடியால் படைவீரனின் கால் தடுமாறும், ஆடுகிறவனின் இடுப்பு விடுபடும். அதுமட்டுமல்ல, அந்த ஊர் டிரம்கள் தட்டுகளைச் சம இடைவெளியிலும் வைப்பதில்லை, ஊஞ்சல் போல முழுதாகச் சாய்ப்பதுமில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ வைக்கின்றன. ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. 'சிஸ்ஸி ஸ்ட்ரட்'டில் மெட்டு முடிந்து மீண்டும் தொடங்குமுன் விடப்படும் வெற்றிடங்கள் வாசிக்கப்பட்ட சுரங்களுக்குச் சமமான வேலையைச் செய்கின்றன. அந்த இடத்தை யார் நிரப்புவது? கேட்கிறவரின் கால். செகண்ட் லைனில் இரண்டு பேர் ஒரே அடவு ஆடுவதில்லை. ஒருவர் குடையைச் சுழற்றுவார், ஒருவர் தரையில் தாழ்வார், ஒருவர் வீட்டுப் படியில் ஏறி நின்று ஆடுவார். எல்லோரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள், ஒருவரும் இன்னொருவரின் நகல் அல்ல. அணிவகுப்பில் மனிதன் எண்ணாகிறான். இங்கே அவன் கூட்டத்துக்குள் போவதற்கான கட்டணமே தன்னுடைய அடியைத் தானே கண்டுபிடிப்பதுதான். இந்த வேறுபாட்டைச் சிறியதென்று நினைக்க என்னால் முடியவில்லை.

நேரில் கேட்பது ஏன் அவசியம் என்பதற்கும் விடை இங்கிருந்தே கிடைக்கிறது. ஒலிப்பதிவு குறையுள்ளது என்ற பழைய புலம்பலை நான் எழுப்பவில்லை. மீட்டர்ஸின் தட்டுகள் அற்புதமானவை; அவை இல்லையென்றால் கடல் கடந்து நமக்கு அவர்கள் யாரென்றே தெரிந்திருக்காது. நேரடி நிகழ்ச்சியின் பதிவும் இருக்கிறது: 1975 மார்ச்சில் பால் மெக்கார்ட்னி கலிஃபோர்னியாவில் குவீன் மேரி கப்பலில் கொடுத்த விருந்தில் அவர்கள் வாசித்தது 1992இல் வெளிவந்தது. அதைக் கேட்டால் குழுவின் வேகம், சூடு, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் காதில் விழும். ஆனால் நம்முடைய கால் தரையில் விழும் ஓசை அவர்களுக்குக் கேட்காது. இடம் விட்டு வாசிக்கும் இசையில் இது பெரிய இழப்பு. அறையில் ஆட்டம் சூடுபிடித்தால் டிரம்ஸ்காரர் அந்தச் சுற்றை இன்னும் நான்கு முறை வைத்திருப்பார்; தளர்ந்தால் உடைத்து வேறு திசைக்குப் போவார். கேள்வி அங்கிருந்து வருகிறது, பதில் இங்கிருந்து போகிறது, பதிலால் அடுத்த கேள்வி மாறுகிறது. கறுப்பினச் சபைகளில் போதகர் ஒரு வாக்கியத்தை நிறுத்த, சபை பதில் கொடுத்து அடுத்த வாக்கியத்தை உயர்த்துவதும் இதே முறைதான். பிரசங்கத்தின் பதிவைக் கேட்டு ஒருவர் அறிவு பெறலாம், கண்ணீரும் விடலாம். அவர் அந்தப் பிரசங்கத்தை மாற்றியவர்களில் ஒருவர் ஆக முடியாது. வழிபாடு என்று நான் இங்கே சொல்வது, தன் பதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் இடத்தில் உடலோடு போய் நிற்பதை.

இனி எல்லையைச் சொல்ல வேண்டும். ஊரின் சுற்றுலாத் தொழில் இந்தத் தாளத்தை விற்கிறது. மாநாட்டுக்கு வந்தவர்களுக்கும் திருமண விருந்தினர்களுக்கும் வாடகை செகண்ட் லைன் ஏற்பாடாகிறது. சாவும் இல்லை, சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. அதை வழிபாடு என்று சொல்ல நான் தயாரில்லை. கலைஞர்கள் அதில் கூலி வாங்குவதைக் குறை சொல்லவும் மாட்டேன். வயிற்றுப்பாடு நேர்மையான காரணம். ஆனால் சமயம் என்பது மகிழ்ச்சியோடு முடிவதில்லை, அது கடமையும் சுமத்துகிறது. நோயாளிக்கு மருந்து வாங்கிய சங்கம் இருந்ததால்தான் அந்தத் தெரு ஆட்டத்துக்குக் கனம் வந்தது. இரவு விடுதியில் காசு கொடுத்து நுழைந்து, வியர்த்து, வெளியே வந்தவருக்கு யாரிடமும் கடன் இல்லை. இந்தக் குறையை நான் முழுமையாக ஏற்கிறேன். மீட்டர்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸின் சுற்றுப்பயணத்தில் முன்வாசிப்புக்குப் போனபோது அந்தப் பெரிய அரங்குகளில் கூடியவர்களுக்கு மிக நல்ல ஆட்ட இசை கிடைத்திருக்கும். அதற்குமேல் கிடைத்தது என்று வாதாட மாட்டேன். ஊரில் நிலைமை வேறு. அங்கே விடுதியில் ஆடுகிறவர்களில் பலர் அடுத்த ஞாயிறு சங்க ஊர்வலத்தில் நடப்பவர்கள். மாமாவின் சவ ஊர்வலத்தில் அதே தாளத்தில் ஆடியவர்கள். முதல் பாதி அவர்கள் உடலில் இருக்கிறது. அதனால் இரண்டாம் பாதி தனியே ஒலித்தாலும் முழுச் சடங்கும் நினைவில் எழுகிறது. இந்த இசையை ஓர் ஊரின் இசை என்று சொல்வதில் எனக்குள்ள அழுத்தம் இதனால்தான்.

அந்தக் கடமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், 2005க்குப் பிறகு நடந்ததைப் பார்க்கலாம். கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து நகரின் ஏறக்குறைய எண்பது சதவீதம் நீரில் மூழ்கியது. கறுப்பினக் குடியிருப்புகள் காலியாயின. மக்கள் வேறு மாநிலங்களில் சிதறினார்கள். திரும்பி வந்த சங்கங்கள் வீடு கட்டி முடிக்குமுன்பே ஊர்வலம் நடத்தத் தொடங்கின. அதற்காகவே தொலைவிலிருந்து வந்து ஆடிவிட்டுப் போனவர்கள் உண்டு. காவலுக்காக நகர நிர்வாகம் ஊர்வலக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியபோது சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2006இல் புனித அகஸ்டீன் தேவாலயத்தின் பங்கை மூட மறைமாவட்டம் முடிவு செய்தபோது மக்கள் எதிர்த்து நின்று அதைக் காப்பாற்றினார்கள். 2007 அக்டோபரில் டியூபா கலைஞர் கெர்வின் ஜேம்ஸ் இறந்ததை ஒட்டி ட்ரமேயில் அவர் நினைவாக வாசித்துக்கொண்டு போனவர்களைப் போலீஸ் தடுத்து, அனுமதி இல்லை என்று கலைஞர்கள் இருவரைக் கைது செய்தது. அவர்கள் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது 'ஐல் ஃப்ளை அவே' என்ற துதிப்பாடல். வெறும் பொழுதுபோக்கு என்றால் அத்தோடு கலைந்திருக்கலாம். அடுத்த நாள் மாலை அனுமதி வாங்கிக்கொண்டு அதே தெருக்களில் மறுபடி வாசித்தார்கள். இறந்தவருக்குச் செய்ய வேண்டியது பாதியில் நின்றிருந்தது, அதைச் செய்து முடித்தார்கள்.